ஏழு வந்த திங்கட்கிழமை

"ஏழு வந்துடுச்சி மேடம்! ஏழு வந்துடுச்சி!"

கம்பெனி பஸ்ஸிலிருந்து முதல் ஆளாகக் குதித்த வசந்தா, கேட்டைத் தாண்டி என்னை நோக்கி ஓடிவந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. பின்னால் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், வாயெல்லாம் பல்லாக.

நான் சாக்பீஸும் கையுமாகக் கரும்பலகை முன்னால் நின்றிருந்தேன். ஏழு என்று எழுதிய சாக்பீஸ் மாவு இன்னும் என் புடவையில் இருந்தது. வசந்தா தூக்கின் மூடியைத் திறந்ததும் நெய்யும் ஏலக்காயும் கமகமவென்று வந்தன. கேசரி. முந்திரிகூடப் போட்டிருந்தாள்.

"சாருக்குதான் மொதல்ல. பரவால்ல, நீங்க ஒரு வாய் எடுத்துக்கங்க மேடம்."

நான் தூக்கையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அந்த ஏழு, எங்கள் கம்பெனி வாங்கியிருந்த டாலர் கடனுக்கான வட்டி. நூற்றுக்கு ஏழு. ஒரு காலத்தில் மூன்றுக்குள் இருந்தது. அது ஏறிக்கொண்டே போனதால்தான், இந்தப் பெண்கள் இப்போது இறங்கி வந்த பஸ்ஸையே நிறுத்திவிடுவது என்று முதலாளி சனிக்கிழமை முடிவு செய்திருந்தார். அதை இவர்களிடம் சொல்லும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார். இவர்களோ அந்த ஏழு வந்ததைக் கொண்டாடக் கேசரி கிண்டி எடுத்து வந்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு கூத்து உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆம்பூரில் நடந்தது. எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

பலகை வந்த கதை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தயாளன் சாரைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக மறுபடி ஒருமுறை: எங்கள் முதலாளி. தோல் ஷெட்டில் சூப்பர்வைசராக இருந்து, வாடகைக் கொட்டகையில் நாலு தையல் மெஷின் போட்டு, படிப்படியாக ஜெர்மனிக்கு ஷூ அனுப்பும் அளவுக்கு வந்தவர். குரல் கணீரென்று இருக்கும். அவர் ஆபீஸ் ரூமில் மெதுவாகப் பேசினால் பேக்கிங் செக்‌ஷனில் கேட்கும்; சத்தம் போட்டால் ரயில்வே கேட்டில் கேட்கும். நான் விமலா, அவருடைய கணக்கு வழக்கு, பேங்க் வேலை எல்லாம் பார்ப்பவள். என் கோபம் ஊரறிந்தது.

மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரிலிருந்து அந்தக் கரும்பலகையைச் சல்லிசாக வாங்கிவந்து கேட்டுக்கு உள்ளே, கைரேகை வைக்கும் மெஷின் பக்கத்தில் மாட்டினார். அன்றைக்கு எத்தனை ஜோடி தைக்க வேண்டும் என்று எழுதுவதற்குத்தான். கொஞ்ச நாளில், "விமலாம்மா, டாலர் வெலையும் எழுதுங்க. நாம தைக்கிற ஷூவுக்கு டாலர்லதான் காசு வருது. அது இன்னா வெலைன்னு அவங்களுக்கும் தெரியட்டும்" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேங்கிலிருந்து வரும் விலையைத் திங்கட்கிழமை காலையில் எழுதுவது என் வழக்கமாயிற்று.

என் வீட்டுக்காரருக்கு இது நல்ல வேடிக்கை. திங்கட்கிழமை சாயங்காலம் என் புடவையில் சாக்பீஸ் மாவைப் பார்த்தால், "டீச்சரம்மா வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க" என்பார்.

எங்கள் பெண்கள் லேசுப்பட்டவர்களா? ஒரு மாதத்தில் பலகையைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். டாலர் ஏறினால் சார் பாட்டு முணுமுணுப்பார். அன்றைக்கு லீவு கேட்டால் கிடைக்கும், அட்வான்ஸ் கேட்டால் கிடைக்கும். டாலர் இறங்கினால் அவர் கண்ணில் படாமல் தலையைக் குனிந்துகொண்டு தைக்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இவர்கள் முதலில் பார்ப்பது பலகையைத்தான்.

"இன்னாடி, ஏறிக்கீதா?"

"ஏறிக்கீது, ஏறிக்கீது. நீ போய் உன் நாத்தனார் கல்யாணத்துக்கு லீவு கேட்டுடு."

இது கம்பெனியா, கிளி ஜோசியக் கடையா என்று நான் கத்துவேன். யார் காதில் வாங்கினார்கள்?

டாலர் பார்ட்டி

ஷூ ஏற்றுமதியில் ஒரு தொல்லை உண்டு. ஆர்டர் வந்ததும் செலவு ஆரம்பித்துவிடும். ராணிப்பேட்டையிலிருந்து தோல் வரவேண்டும், சோல் வரவேண்டும், நூல் வரவேண்டும், வாராவாரம் கூலி போடவேண்டும். காசோ, சரக்கு கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்து, அங்கே இருப்பவர் மனசு வைத்த பிறகுதான் வரும். நடுவில் கைகொடுப்பது பேங்க். சரக்கு போய்ப் பணம் வந்ததும் அதிலேயே கழித்துக்கொள்வார்கள்.

அந்தக் கடனை ரூபாயாகவும் வாங்கலாம், டாலராகவும் வாங்கலாம். ரூபாயாக வாங்கினால் அப்போது ஒன்பது, பத்து என்று வட்டி. டாலராக வாங்கினால் மூன்றுக்குள். அமெரிக்காவில் அந்தச் சமயம் வட்டி என்று ஒன்று இருந்ததா என்றே சந்தேகம், அவ்வளவு மலிவு. வரப்போவதும் டாலர், கட்டப்போவதும் டாலர். அதனால் டாலர் விலை ஏறி இறங்கினாலும் கடனில் அடி விழாது. புத்தி உள்ளவன் எதை வாங்குவான்?

ஆனால் ஆம்பூரில் டாலர் கடன் என்பது வெறும் கடனாக இல்லை. கௌரவமாகிவிட்டது. பேங்குக்குப் போனால், டாலர் கடன் வாங்கியவரை ஏசி ரூமுக்குள் கூட்டிப் போய், சாஸரில் வைத்த கப்பில் டீ கொடுப்பார்கள். ரூபாய்க் கடன்காரர் டோக்கனைப் பிடித்துக்கொண்டு வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில், "இவரு டாலர் பார்ட்டி" என்று அறிமுகம் செய்வார்கள். ஒரு சம்பந்தம் பேசும் இடத்தில், "பையன் வீட்டுல டாலர் கடன் இருக்குது, தெரியுமில்ல?" என்று தரகர் சொன்னதை நானே காதால் கேட்டேன். கடன் இருப்பதைச் சொல்லிப் பெண் கேட்ட ஊர் எங்கள் ஊர்.

எங்களுக்கு டாலர் கடன் கிடைத்த அன்று தயாளன் சாரைப் பிடிக்க முடியவில்லை. ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பி மக்கன் பேடா வாங்கிவரச் சொல்லி, தையல் லைனுக்கு இரண்டு பெட்டி கொடுத்தார். பலகையில் டாலர் விலைக்குக் கீழே இன்னொரு எண்ணை எழுதச் சொன்னார். பி.சி.எஃப்.சி. என்று அந்தக் கடனுக்குப் பேங்க்காரர்கள் வைத்த நாலு இங்கிலீஷ் எழுத்து, பக்கத்தில் வட்டி எண். பெண்களை எல்லாம் முன்னால் நிற்கவைத்து ஒரு சின்னப் பிரசங்கம்:

"இந்த நம்பர் இருக்குதே, இது நம்ம கம்பெனியோட மரியாதை. மெட்ராஸ்ல பெரிய பெரிய பார்ட்டிக்குக் குடுக்கிறத இப்ப நமக்கும் குடுத்துருக்காங்க. தெரிஞ்சிக்கங்க."

எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். வட்டி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அமெரிக்காவில் முட்டை விலை

அந்த எண் ரொம்ப நாள் அசையாமல் கிடந்தது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பழைய எண் மேலேயே மறுபடி சாக்பீஸை ஓட்டுவேன்.

இந்த வட்டியை எதை வைத்துப் போடுகிறார்கள் என்றால், லண்டனில் லைபார் என்று ஒன்று சொல்வார்கள், அதற்கு மேலே நம் பேங்க் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். தயாளன் சாருக்கு அந்தச் சொல் மேல் தனி ஆசை. "இந்த வாரம் லைபார் இன்னா?" என்று நாலு பேர் இருக்கும்போதுதான் கேட்பார். ஒருநாள் பேங்கிலிருந்து, லைபாரை எடுத்துவிட்டார்கள், இனிமேல் அமெரிக்காக்காரன் கணக்கு வேறு பெயரில் வரும் என்று தகவல் வந்தது. சொந்தக்காரர் போய்விட்ட செய்தி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இப்பத்தான் வாயில சரியா வர ஆரம்பிச்சிது விமலாம்மா" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரித்தது அதோடு சரி. அமெரிக்காவில் விலைவாசி ஏறியது. முட்டை விலை ஏறிவிட்டது, பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று அங்கே இருப்பவர்கள் கூச்சல் போட, அதை அடக்க அங்குள்ள பெரிய பேங்க் வட்டியை ஏற்றியது. ஒரு தடவை ஏற்றிவிட்டு நிறுத்தினார்களா? திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். அங்கே எவனோ ஆம்லெட் போட்டதற்கு இங்கே ஆம்பூரில் நான் பலகையை அழித்து அழித்து எழுதினேன். மூன்று போய் நாலு வந்தது. நாலு போய் ஐந்து. அப்புறம் ஆறு.

தயாளன் சாருக்குப் பாட்டு நின்றது. ஜெர்மனியிலும் ஆர்டர் கம்மியானது. எந்நேரமும் கால்குலேட்டர்தான். யார் என்ன கேட்டாலும் தலை நிமிராமல், "சரி சரி, போங்க" என்பார். ஆடி மாசத் திருவிழாவுக்கு நாலைந்து பேர் லீவு கேட்டார்கள். சரி சரி, போங்க. வளைகாப்புக்குச் சீக்கிரம் போகணும் என்றாள் ஒருத்தி. சரி சரி, போங்க.

இதில்தான் வினை முளைத்தது. சார் முகத்தைப் பார்க்காமல் பலகையை மட்டும் பார்த்த எங்கள் பெண்களுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது: கீழே இருக்கும் அந்தச் சின்ன எண் ஏற ஏற, சார் கேட்டதையெல்லாம் கொடுக்கிறார். டாலரைவிட இது ராசியான நம்பர்! கம்பெனியோட மரியாதை என்று அவரே சொன்னாரே, ஏறினால் நல்லதுதானே? அவர்கள் கணக்கில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அவர்கள் இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை

ஏழு வரப்போகிறது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலமே பேங்கிலிருந்து சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் சார் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் டீ ஆடை கட்டிப்போய் இருந்தது.

"அணைக்கட்டு பஸ்ஸ நிறுத்திடலாம் விமலாம்மா. அடுத்த மாசத்துலேர்ந்து மாதனூர் வரைக்கும்தான் வண்டி. அந்தப் பக்கத்துக்காரங்க மாதனூர் வந்து ஏறிக்கட்டும்."

"எப்படி சார் வருவாங்க? டவுன் பஸ்ஸு ரெண்டு மாறணும். இருட்டோட கெளம்பினாலும் லேட்டாதான் வருவாங்க. லேட்டுக்கு நாம சம்பளத்துல புடிப்போம். பாதிப் பேரு நின்னுடுவாங்க."

"தெரியாதா எனக்கு? டீசல் போடுறவனும் நான்தான், வட்டி கட்றவனும் நான்தான். எதையாவது ஒண்ண நிறுத்தணுமா இல்லயா?"

எனக்கு வசந்தாவின் முகம்தான் முன்னால் வந்தது. அணைக்கட்டைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம் அவளுக்கு. தையல் லைனில் லீடர். வீட்டுக்காரருக்கு ஒண்ணரைக் காணி நிலம். மழை வந்தால் சோறு, வராவிட்டால் கூலி வேலை. மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். இந்தப் பஸ் நின்றால் வசந்தாவின் வேலை நிற்கும், வேலை நின்றால் அந்தப் பெண்ணின் படிப்பு நிற்கும். இதை யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் முதலாளி, தொழிலாளி பார்ப்பதில்லை.

"சார், மாசக்கணக்கா ஒரே பாட்டு பாடிக்கிட்டு இருக்கேன். ரூபா கடனுக்கு மாறுங்க. சின்ன ஏத்துமதிக்காரங்களுக்கு கவர்மெண்டு வட்டில சலுகை குடுக்குது. ரூபாய்ல வாங்கினாத்தான் குடுக்குது, டாலர்ல வாங்கினா கெடையாது. சலுகை போக ஆறுக்கும் கம்மியா வருது. டாலர் ஏழு. இதுல யோசிக்கிறதுக்கு இன்னா இருக்குது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரூபா கடனா? அந்த பெஞ்சில போயி டோக்கன் வெச்சிக்கினு என்னை உக்காரச் சொல்றீங்களா? ஊரு சிரிக்கும். தயாளன் படுத்துட்டான்னு சொல்லுவானுங்க. அப்பறம் தோல் கடனா தருவானா எவனாவது?"

"ஊருக்காக மாசாமாசம் வட்டி கட்டுவீங்களா?"

"விட்டுடுங்க விமலாம்மா. திங்கக்கெழம அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு அந்தப் புள்ளைங்க மூஞ்சப் பாத்துச் சொல்ல வராது."

கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். சாத்தியது கொஞ்சம் பலமாகத்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் பாத்திரங்கள் என்னிடம் அடி வாங்கின. ரூபாய் வட்டி ஏழைவிடக் கம்மி என்பதைவிட, இன்னும் ஒரு அரை ஏறினால் பலகையில் ஏழரை என்று எழுத வேண்டி வருமே, அதைச் சொல்லிப் பயமுறுத்தியிருந்தால் மனுஷன் உடனே மாறியிருப்பாரோ என்றுகூட யோசித்தேன்.

ஒரு வாய் கேசரி

இப்போது மறுபடி அந்தத் திங்கட்கிழமை. தூக்கு, கேசரி, பெண்கள்.

"எதுக்குடி இது?" என்றேன்.

"போன வாரமே ஆறே முக்கா இருந்துச்சே மேடம். இந்த வாரம் ஏழு வரும்னு தெரியும். ஏழு வந்தா கேக்கலாம்னு பேசி வெச்சிருந்தோம். பஸ்ஸு மெயின் ரோட்டுலயே நின்னுடுது. ஊருக்குள்ள, மாரியம்மன் கோயில் வரைக்கும் வந்து திரும்பினா நல்லாருக்கும். காலைல இருட்டுல அந்தச் சோளக்கொல்லை ஓரமா நடக்கணும், பாம்பு பல்லி எல்லாம் கீது."

இருக்கிற பஸ்ஸே போகப்போகிறது. இவள் ஊருக்குள் வரச் சொல்கிறாள். நான் ஏதாவது சொல்வதற்குள் சார் கார் உள்ளே வந்து நின்றது.

அவர் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன், பெண்கள் சண்டைக்கு நிற்கிறார்கள் என்று நினைத்திருப்பார். முகம் சுண்டிப்போய்த்தான் நடந்து வந்தார். வசந்தா ஒரு தட்டில் கேசரியை வைத்து நீட்டினாள்.

"ஏழு வந்துச்சி சார்! ரொம்ப சந்தோசம் சார் எங்களுக்கு."

நீட்டிய தட்டைத் தட்டிவிடும் ஆள் இல்லை அவர். ஒரு கை எடுத்து வாயில் போட்டார். மென்றார். நடுவில் மெல்லுவது நின்றது.

"ஏழு வந்தா உங்களுக்கு இன்னாமா சந்தோசம்?"

"நீங்கதான சார் சொன்னீங்க, இது நம்ம கம்பெனியோட மரியாதைன்னு? அன்னிக்கு மூணுகூட இல்ல. இன்னிக்கு ஏழு வந்துக்கீது. எவ்ளோ மரியாதை சார்!"

கேட்டில் நின்ற வாட்ச்மேன் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தர் முகத்திலும் கேலி இல்லை. அத்தனையும் நிஜமான சந்தோஷம். தயாளன் சாரின் மீசையில் ஒரு பருக்கை ரவை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பலகையைப் பார்த்தார். அந்தப் பெண்களைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு அந்தக் கணீர்க் குரலில் வெடித்துச் சிரித்து, புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, வாட்ச்மேன் ஓடிப்போய்ச் சொம்பு கொண்டுவர வேண்டியதாயிற்று.

மூச்சு வந்ததும் சொன்னார்: "அது வட்டிம்மா."

"எது சார்?"

"அந்த ஏழு. நாம பேங்குக்குக் கட்ற வட்டி. ஏறினா நமக்கு அடி."

வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யய்யோ! அதுக்கா நாங்க கேசரி கிண்டிக்கினு வந்தோம்? நெய்யி வேற ஜாஸ்தியா ஊத்திட்டேன்!"

"நெய்யி சரியாதான் இருந்துச்சி" என்றார் சார். இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த மனுஷனை எனக்கு அந்த நேரத்தில் ரொம்பப் பிடித்தது.

"அப்ப பஸ்ஸு ஊருக்குள்ள வராதா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டிய சேதி என் வாயில்தான் இன்னும் இருந்தது. வாயைத் திறக்காமல் நின்றேன். இந்தப் புள்ளைங்க மூஞ்சப் பாத்துச் சொல்ல வராது என்றாரே, இப்போது பார்க்கட்டும்.

"ஊருக்குள்ள வர்றது அப்பறம் பாக்கலாம். இருக்கிற பஸ்ஸு இருக்கும். போங்க, போயி மெஷின்ல உக்காருங்க." அப்புறம் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். அதாவது, அவர் அளவுக்குத் தாழ்த்தினார். "விமலாம்மா, ரூபா கடன் எவ்ளோ சொன்னீங்க? பத்து மணிக்கு பேங்க் போலாம். பேப்பரெல்லாம் எடுத்து வைங்க."

இரும்பு பெஞ்ச்

பேங்கில் நாங்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். சார் ஒரு கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஃபேன் சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. டீயும் வரவில்லை.

பெஞ்சின் அந்த மூலையில் ஒருவர் நியூஸ்பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தார். ரொம்ப நேரமாக ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. கை சளைத்துப் பேப்பர் மடங்கியபோது பார்த்தால், பேரணாம்பட்டு ரோட்டில் தோல் கம்பெனி வைத்திருக்கும் பாய்! சாருக்கு முப்பது வருஷத் தோஸ்து. ஊருக்கே முதல் டாலர் பார்ட்டி.

"அரே தயாளன், நீ எங்க இங்க?"

"சும்மா பாய். பாஸ்புக்ல என்ட்ரி போடலாம்னு."

"நானும் அதுக்குத்தான்பா வந்தேன்."

கரன்ட் அக்கவுண்டுக்கு ஏது பாஸ்புக்? நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு இன்னொருவர் வந்தார். அவரும் பழைய டாலர் பார்ட்டி. இரண்டு பேரையும் பெஞ்சில் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். அதற்குள் கவுண்டரில் இருந்த பெண், "பேக்கிங் கிரெடிட் கடனை ரூபாய்க்கு மாத்தறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க சார்" என்று பேங்க் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள், வாசலில் இருந்தவரும் நின்றார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பாய்தான் முதலில் சிரித்தார்.

"இத்தினி மாசமா நீ மாறல, நான் எப்படி மாறுறதுன்னு வட்டி கட்டிக்கினு இருந்தேன் தெரியுமா? பேஜாரு புடிச்ச பொழப்பு!"

"நானும் உன்னப் பாத்துத்தான் பாய்!"

வேலை முடிந்ததும் மூன்று பேரும் எதிர்க் கடையில் நின்று கண்ணாடி கிளாஸில் டீ குடித்தார்கள். பேங்க் டீயைவிட இது நன்றாக இருக்கிறது என்று தயாளன் சார் இரண்டாவது கிளாஸும் வாங்கினார். பழைய கடன்கள் அந்தந்த ஆர்டரோடு டாலரிலேயே முடிந்தன. புது ஆர்டருக்கெல்லாம் ரூபாய். மிச்சமானது பெரிய புதையல் இல்லை. ஒரு பஸ்ஸுக்கு டீசல் போடப் போதும்.

மறுநாள் காலையில் நான் வருவதற்கு முன்பே பலகையில் அந்த நாலு இங்கிலீஷ் எழுத்தையும் காணோம். "நாம் கட்டும் வட்டி" என்று தமிழில், கோணல் மாணலாக, சாரின் கையெழுத்தில் இருந்தது.

இப்போது

அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. அமெரிக்காவில் வட்டி இறங்க ஆரம்பித்தது. இங்கே அந்தச் சலுகையும் நின்றது. தயாளன் சார் இப்போது எது கம்மியோ அந்தப் பக்கம் போகிறார். ஒரு ஆர்டருக்கு டாலர், இன்னொன்றுக்கு ரூபாய். பெஞ்சிலும் உட்காருகிறார், ஏசி ரூமிலும் உட்காருகிறார். பெண்கள் பலகையைப் பார்ப்பதை விடவில்லை. இறங்கினால்தான் நல்லது என்று இப்போது தெரியும். "இன்னாடி, எறங்கிக்கீதா?" என்று பஸ் படியிலிருந்தே குரல் வருகிறது. எனக்கு இந்தத் திங்கட்கிழமைக் காலைகள் நிறைவாக இருக்கின்றன. பென்ஷன் கிடையாது, பெரிய பேர் கிடையாது. ஆனாலும் இதைவிட வேறு வேலையில் இவ்வளவு சிரித்திருப்பேனா என்று தெரியவில்லை.

போன மாதம் அணைக்கட்டுப் பக்கம் அந்த ஊருக்குள் தார் ரோடு போட்டார்கள். ஆர்டரும் நன்றாக இருந்தது. பஸ் ஊருக்குள் போய்த் திரும்ப எவ்வளவு தூரம் ஜாஸ்தி ஆகும் என்று பார்த்துவரச் சொல்லி, சார் என்னைச் சாயங்கால வண்டியில் அனுப்பினார். வசந்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள் என்று ஒடுகத்தூர் வரும்வரை அதே பேச்சு. மாரியம்மன் கோயில் முன்னால் பஸ் திரும்பியபோது உள்ளே இருந்த பெண்கள் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது.

"அன்னிக்கு ஏழப் பாத்துட்டு கேசரி கிண்டிக்கினு வந்தீங்களே, அதுதான் இந்த பஸ்ஸக் காப்பாத்திச்சு" என்றேன். "உங்களுக்குத் தெரியாது. அந்த சனிக்கெழமதான் சார் வண்டிய நிறுத்தறதுன்னு முடிவு பண்ணாரு."

"தெரியும் மேடம்" என்றாள் வசந்தா.

"இன்னா தெரியும்?"

"டிரைவர் அண்ணன் சனிக்கெழம சாயங்காலமே வண்டில சொல்லிட்டாரே. அவருகிட்டதான சார் டீசல் கணக்கு கேட்டாரு. அந்த ஏழு வட்டின்னு சத்தியமா தெரியாது மேடம், அது நல்லதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தோம். பஸ்ஸு வெசயம் தெரியும்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"தெரிஞ்சுக்கினா கேசரி கிண்டின? ஊருக்குள்ள வேற வரச் சொன்னியே!"

"அழுதுக்கினு வந்து நின்னா, அய்யோ பாவம்னு சொல்லிட்டு நிறுத்தியிருப்பாரு மேடம். வாயில கேசரிய வெச்சிக்கினு எப்படி நிறுத்துவாரு?"

சொல்லிவிட்டு, காலடியில் இருந்த பையைக் குனிந்து எடுத்தாள். உள்ளே அதே எவர்சில்வர் தூக்கு. மூடியைத் திறந்தாள். அதே நெய், அதே ஏலக்காய்.

"இது இன்னாத்துக்குடி?" என்றேன்.

"மொதல்ல சாப்புடுங்க மேடம்" என்றாள்.